சுவிட்சுக்கு முன் நடக்கும் வேலை

நல்ல தச்சரின் கையில் வட்ட ரம்பம் ஓடுவது சில விநாடிகள்தான். அந்த விநாடிகளுக்கு அவர் ஆயத்தமாகும் அழகை ரசிக்கத் தெரிந்தால், தச்சு வேலையின் பாதி நயம் புரிந்துவிடும்.

அலமாரிக் கதவுக்காக 18 மி.மீ. பிளைவுட்டை எடுத்து, நல்ல முகத்தைக் கீழே கவிழ்த்துப் போடுகிறார். ரம்பத்தின் முன்பக்கத்தில் பற்கள் கீழிருந்து மேலேறி வருகின்றன. அவை மரத்தை விட்டு வெளியேறும் மேல்முகத்தில்தான் சிலாம்பு பெயரும். பெயர்வது கண்ணில் படாத பக்கத்தில் பெயரட்டும் என்று பலகையைத் திருப்பிவிட்டார். அதையும் குறைக்க மூலைமட்டத்தை அணைத்துக் கத்தியால் கோடு கீறுகிறார். பென்சில் கோடு வழி காட்டும். கத்திக் கோடு நாரை முன்கூட்டியே அறுத்து, பெயர்ச்சி தன்னைத் தாண்டாமல் நிறுத்தும்.

அடுத்தது கணக்கு. பிளேடு போகும் பாதையில் உள்ள மரம் தூளாகிவிடும். 1220 மி.மீ. அகலப் பலகையை 2.4 மி.மீ. வெட்டுத் தடிப்புள்ள பிளேடால் சரிபாதியாக்கினால், துண்டுக்கு 608.8 மி.மீ.தான் தேறும். ஆகவே பற்கள் கோட்டை உரசியபடி கழிவுப் பக்கமாக ஓட வேண்டும். வெறுங்கையில் நேர்கோடு வராது என்று அறிந்தவர், நேரான கட்டை ஒன்றைக் கிளாம்ப் போட்டு இறுக்குகிறார். ரம்பத்தின் அடித்தட்டு அதை அணைத்தே நகரும்.

எனக்கு மிகவும் பிடித்தது, ஆழம் வைக்கும் நேரம். பிளேடு பலகைக்குக் கீழே ஐந்தாறு மில்லிமீட்டர் எட்டிப் பார்த்தால் போதும். அப்போது பற்கள் மேல்முகத்தைச் சாய்வாகக் கடக்கின்றன. நாரை நெட்டுக்குத்தாகத் தூக்கிப் பிய்ப்பதில்லை. அடியில் நீட்டி நிற்கும் கூர்மையும் குறைந்துவிடுகிறது. ஒரே திருகு விளிம்பையும் காக்கிறது, விரலையும் காக்கிறது.

பலகையைத் தாங்கும் விதத்திலும் இதே இரட்டைப் பயன். இரண்டு ஓரங்களில் மட்டும் கட்டை கொடுத்தால் நடுப்பகுதி தொய்யும். வெட்டு மூடிப் பிளேடைக் கவ்வும். ரம்பம் ஆளை நோக்கித் துள்ளும். அதனால் கோட்டின் இரு பக்கமும் இரண்டிரண்டு கட்டைகள் கொடுக்கிறார். அறுபட்ட பிறகும் இரு துண்டுகளும் இருந்த இடத்திலேயே இருக்கும். அவரோ கோட்டுக்கு நேர் பின்னால் நிற்காமல் சற்று ஒதுங்கி நிற்கிறார்.

கண்ணாடி அணிந்து, இரு கைகளாலும் பிடித்து, பிறகே சுவிட்ச். பிளேடு முழு வேகம் பிடித்த பின்தான் மரத்தைத் தொடுகிறது. தள்ளும் வேகத்தைக் காது முடிவு செய்கிறது: மோட்டாரின் சத்தம் ஒரே சுருதியில் நிற்க வேண்டும், தாழ்ந்தால் அவசரம் அல்லது இறுக்கம். முடிந்ததும் கீழ்மூடி மூடி, பிளேடு நிற்கும்வரை ரம்பத்தைக் கீழே வைப்பதில்லை.

அறுத்த விளிம்பைப் பாருங்கள். சிலாம்பு இல்லை என்றால் ஆழம் அளவாக இருந்தது. கருகல் இல்லை என்றால் பிளேடு எங்கும் கவ்வப்படவில்லை. துல்லியத்துக்கென்று தனியாகவும் பாதுகாப்புக்கென்று தனியாகவும் அவர் எதையும் செய்யவில்லை. சுத்தமான விளிம்பு, பத்திரமாக வேலை செய்த கைக்குத் தானே கிடைத்த கூலி.