மறவாமையின் துன்பம்

நினைவாற்றலைப் புகழும் நூல்கள் பல. மறதிக்கு நீதி வழங்கும் நூல்கள் மிகச் சில. அச்சிலவற்றுள் ஒன்று, சோவியத் உளவியல் அறிஞர் அலெக்சாந்தர் லூரியா 1968-இல் ருஷ்ய மொழியில் வெளியிட்ட, 'பெரிய நினைவைப் பற்றிய சிறிய நூல்' எனப் பொருள்படும் தலைப்புடைய படைப்பு.

நூலின் நாயகர், 'ஷ' என்ற ஓரெழுத்தால் சுட்டப்படும் செய்தியாளர். குறிப்பெடுக்காமலே பணிகளைக் கேட்டுச் சென்ற அவரைப் பத்திரிகையின் ஆசிரியரே 1920-களில் ஆய்வுக்கு அனுப்பினார். எழுபது சொற்களை ஒருமுறை கேட்டு, முன்னிருந்தும் பின்னிருந்தும் ஒப்பித்தார். பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னரும் ஒப்பித்தார். சொற்களைக் காட்சிகளாக்கித் தாம் அறிந்த தெருவில் வரிசையாக வைத்துச் செல்வது அவர் முறை. ஒரு சொல் தவறினால் காரணமும் விந்தையே: வெண்சுவரருகே வைத்த முட்டை கண்ணுக்குப் புலப்படவில்லையாம்!

இத்துடன் நின்றிருப்பின் நூல் வெறும் வியப்புக் கதையாய் முடிந்திருக்கும். இந்நினைவு அம்மனிதரை என்ன செய்தது என்று லூரியா வினவுவதே நூலின் உயிர். கணந்தோறும் மாறும் முகங்களை அடையாளம் காண அவர் இடர்ப்பட்டார். ஒழுங்காய் ஏறிச்செல்லும் எண்வரிசையின் ஒழுங்கைக் காணாது, அதையும் காட்சிகளாகவே மனனம் செய்தார். கவிதையிலோ சொல்லுக்கொரு காட்சி எழுந்து பொருளை மறைத்தது. மேடையில் நினைவாற்றல் காட்டிப் பிழைத்த நாளில், முந்தைய காட்சியின் எண்கள் குறுக்கிடுமே என அஞ்சினார். தாளில் எழுதி எரித்தும் பார்த்தார். கருகிய தாளிலும் எண்கள் தெரிந்தன!

நம்மனோர் மறப்பது எங்ஙனம்? ஜெர்மானிய அறிஞர் எபிங்காஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, கற்றவற்றுள் பெரும்பகுதி முதல் ஒரு மணிக்குள்ளேயே நழுவுவதையும், பின்னர் இழப்பு மெதுவாவதையும் 1885-இல் காட்டினார். நினைவு என்பது பதிவன்று, ஒவ்வொரு முறையும் மீண்டும் கட்டப்படுவது என்று ஆங்கில அறிஞர் பார்ட்லெட் 1932-இல் நிறுவினார். விவரம் உதிர, சாரம் தங்குகிறது. அவ்வுதிர்வு இன்றேல் பொதுமையும் இல்லை. பொதுமை இன்றேல் சிந்தனையும் இல்லை.

நூலில் குறையும் உண்டு. ஒரே மனிதரின் வரலாற்றைக் கொண்டு நினைவின் பொதுவிதியை வகுத்தல் இயலாது. சாதாரண மனிதரின் மறதியோடு ஒப்பிடும் பகுதியும் போதாது. ஆயினும் அட்டவணைகளுக்கு இடையே ஒரு மனிதரின் துயரை வைத்த நேர்மை அக்குறையினும் பெரிது.

ஒப்பித்தலையே கல்வியெனக் கொண்டாடும் நாம் இந்நூலை ஊன்றிப் படித்தல் வேண்டும். அடி பிறழாமல் நூறு செய்யுள் சொல்லும் பிள்ளையை மேடையேற்றிப் பரிசளிக்கிறோம். அவற்றுள் ஒன்றன் பொருளையேனும் தன் சொல்லில் கூறுமாறு கேட்பதில்லை. எல்லாம் நினைவிலிருந்த ஒருவருக்குக் கவிதை எட்டாமற் போயிற்று என்பதை நம் ஆசிரியப் பெருமக்கள் எண்ணிப் பார்ப்பார்களாக.