ஒப்புமை விழுக்காடும் நூற்குற்றமும்: தமிழ் ஆய்வேடுகளை முன்வைத்து

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டுக் கருத்துத்திருட்டுத் தடுப்பு விதிமுறைகள், ஆய்வேட்டின் ஒப்புமையை நான்கு நிலைகளாகப் பகுக்கின்றன. 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. அதற்குமேல் 40 வரை எனில் ஆறு மாதங்களுக்குள் திருத்திய ஏட்டை அளிக்க வேண்டும். 60 வரை எனில் ஓராண்டுக்கு அளிக்க இயலாது. 60ஐக் கடந்தால் பதிவே நீக்கப்படும். மயிலாப்பூரின் இராணி மேரி கல்லூரி, விவேகானந்தா கல்லூரி உள்ளிட்ட உயர்கல்வி நிறுவனங்கள் அனைத்துக்கும் இவ்விதிகள் பொருந்தும். ஓர் ஆய்வாளரின் எதிர்காலத்தையே மாற்றவல்ல அவ்வெண்ணை வழங்குவது மென்பொருள். அது எதனை அளக்கிறது என்னும் வினா தமிழ்த்துறைகளில் போதிய அளவு எழுப்பப்படவில்லை.

முதற்சிக்கல் அளவுகோலிலேயே உள்ளது. பொதுஅறிவுச் செய்தியாகவோ தற்செயலாகவோ ஒத்துவரும் தொடர்களுக்கு, அடுத்தடுத்த 14 சொற்கள் வரை விதிமுறை விலக்களிக்கிறது. ஆங்கிலத்தில் 14 சொல் ஒரு நடுத்தர வாக்கியம். ஒட்டுநிலை மொழியாகிய தமிழிலோ, சீரைச் சொல்லாக எண்ணினால், 14 என்பது இரண்டு முழுக் குறட்பாக்கள். போதாக்குறைக்கு, சந்தி பிரித்து எழுதினால் ஒரு கணக்கு. சேர்த்து எழுதினால் வேறொரு கணக்கு.

எழுத்துருச் சிக்கல் இதனினும் எளியது, இதனினும் கொடியது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சான ஏடு கணினிக்கு உரோமன் எழுத்துக் குவியலே. ஒருங்குறியில் உள்ள மூலத்தை அதிலிருந்து வரிக்குவரி படியெடுத்திருந்தாலும், எழுத்துரு மாற்றம் செய்யாத மென்பொருளுக்கு அவ்வேடு தூயதாகவே தோன்றும்.

மயிலையின் நேமிநாதர் கோயிலோடு தொடர்புடைய பெயரினராகக் கருதப்படும் மயிலைநாதர், நன்னூலுக்குக் கிடைத்துள்ள உரைகளுள் பழமையானதை இயற்றியவர். அவ்வுரையை உ.வே.சா. 1918இல் பதிப்பித்தார். நன்னூற் பாயிரம் வகுக்கும் நூற்குற்றங்கள் பத்து. குன்றக் கூறல், மாறுகொளக் கூறல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல் முதலியவற்றுள் எதனையும் ஒப்புமை மென்பொருள் காணாது. கூறியது கூறலையும் அது காண்பதாகச் சொல்வதற்கில்லை. அக்குற்றம் ஆசிரியன் தன் கூற்றையே மீளக் கூறுவது, மென்பொருள் தேடுவதோ பிறர் கூற்றை. முன்முடிவை இறுதி இயலில் மறுக்கும் ஓர் ஏடு 3 விழுக்காட்டோடு தேறிவிடும்.

மறுபுறம், வழிநூலார் பழஞ்சூத்திரத்தை அச்சொல்லாலேயே எடுத்தாள்வதற்கு நன்னூல் காரணம் காட்டுகிறது: முன்னோர்பால் மதிப்பு; வேறு நூல் செய்யும் நோக்கமின்மையை உணர்த்தல். சங்கர நமச்சிவாயரின் நன்னூலுரையைச் சிவஞான முனிவர் திருத்தி விரித்தபோது மூலவுரையின் சொற்கள் பெரும்பாலும் நிலைத்தன. இன்றைய மென்பொருள் அவ்வுரைக்கு எத்தனை விழுக்காடு தரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இதனைக் கொண்டு இன்றைய படியெடுப்புக்கு மரபைச் சான்றுகாட்டுவது பொருந்தாது. முனிவர் எவருரையைத் திருத்தினார் என்பது மறைபொருளன்று. மூலத்தைச் சுட்டுவதற்கும் மறைப்பதற்கும் உள்ள வேறுபாடே இங்கு முதன்மையானது. விழுக்காடு அதனைக் காட்டாது. மேற்கோட்குறியின்றி உள்தள்ளி அச்சிடப்படும் சங்கப்பாடலையும் அது திருட்டெனக் கூட்டக்கூடும்.

எண்ணுக்கு அஞ்சுவோர் சொற்களை மாற்றத் தொடங்குவர். செயற்கை நுண்ணறிவு என்னும் ஆங்கிலக் கலைச்சொல் ‘போலி உணர்வு’ எனப் பொருள்படும் தொடராகத் திரிந்ததை கியோம் கபனாக் முதலியோர் 2021இல் வெளிக்கொணர்ந்தனர். தமிழில் ‘உள்ளுறை’, ‘இறைச்சி’ என்பவற்றுக்கு மாற்றுச்சொல் இட்டால் ஒப்புமை குறையும், இலக்கணம் பிழைபடும்.

மென்பொருளைக் கைவிட வேண்டியதில்லை. ஏடு ஒருங்குறியில் அளிக்கப்படுதல், செய்யுள் மேற்கோள்கள் தனியே குறிக்கப்படுதல், விழுக்காட்டோடு ஒத்த பகுதிகளின் முழு அறிக்கையும் தேர்வாளரிடம் சேர்தல் ஆகிய மூன்றும் துறையளவிலேயே இயல்வன. அறிக்கையைத் தேர்வாளர் படித்தாரா என்பதற்கு அவர்தம் மதிப்பீட்டுக் குறிப்பே சான்றாதல் வேண்டும்.