ஒரே பெயரில் இரண்டு வினைகள்

ஹாம்லெட் நாடகம், முதல் அங்கம், நான்காம் காட்சி. தந்தையின் ஆவி கைகாட்டி அழைக்கிறது. பின்னால் போகாதே என்று கூட வந்தவர்கள் ஹாம்லெட்டைப் பிடித்து நிறுத்துகிறார்கள். தன்னை ‘லெட்’ செய்பவனைக் கொன்றுவிடுவதாக அவன் மிரட்டுகிறான்.

முதன்முறை படித்தபோது குழம்பிப்போனேன். லெட் என்றால் அனுமதிப்பதுதானே? போகவிடுகிறவனை எதற்குக் கொல்லணும்? என் கையிலிருந்த பதிப்பின் அடிக்குறிப்பு ‘லெட்: தடு’ என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டது. சரி, மணத்தைக் குறித்த நம்ம ‘நாற்றம்’ கெட்ட வாடையாகிவிட்ட மாதிரி இதுவும் தலைகீழாகிவிட்டது போல என்று நினைத்தேன். ரொம்ப நாள் நண்பர்களிடமும் அப்படித்தான் சொல்லிவந்தேன்.

அது தப்பு. ‘நாற்றம்’ பொருள் மாறிய ஒரே சொல். ‘லெட்’ இரண்டு சொற்கள். பழைய ஆங்கிலத்தில் விடுவதற்கு ‘லேட்டன்’, தடுப்பதற்கு ‘லெட்டன்’ என்று தனித்தனி வினைகள். காலப்போக்கில் ஒலி தேய்ந்து இரண்டும் ‘லெட்’ ஆயின. பிறகு தடுக்கும் வினை வழக்கொழிந்தது.

இரண்டும் புழங்கிய காலத்தில் எப்படிப் பிரித்தறிந்தார்கள்? 1611-இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் யாத்திராகமம் 5-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். முதல் வசனத்தில், மக்களைப் போகவிடச் சொல்லிப் பார்வோனிடம் கேட்கிறார்கள், அங்கே லெட். நான்காம் வசனத்தில், மக்களை ஏன் வேலை செய்யவிடாமல் தடுக்கிறீர்கள் என்று பார்வோன் கேட்கிறான், அங்கேயும் லெட்! ஆனால் முதல் இடத்தில் ‘மக்கள்’ என்பதை அடுத்து ‘கோ’ என்ற வினை வருகிறது. இரண்டாம் இடத்தில் வினை இல்லை, ‘ஃப்ரம்’ வருகிறது. ஜாவாவில் மெத்தட் ஓவர்லோடிங் மாதிரிதான்: பெயர் ஒன்று, ஆர்க்யுமென்ட்டைப் பார்த்தால் எது என்று தெரியும். ஹாம்லெட்டின் மிரட்டலிலும் லெட்டுக்குப் பின் ‘என்னை’ மட்டும்தான், வினை இல்லை.

அந்த அடிக்குறிப்பின் குறை இதுதான்: பொருளைச் சொன்னது, அடுத்த முறை நாமே கண்டுபிடிக்கும் வழியைச் சொல்லவில்லை. ‘க்வோத்’ போன்ற தெரியாத சொல் கம்பைல் எரர் மாதிரி. அங்கேயே நின்று அகராதியைத் திறப்போம். தெரிந்த முகத்தோடு வரும் ‘லெட்’ வேறு வகை பக். புரோகிராம் ஓடும், விடைதான் தப்பாக வரும்.

பழைய லெட் முழுசாகச் சாகவும் இல்லை. டென்னிஸில் சர்வீஸ் வலையை உரசி உள்ளே விழுந்தால் சொல்கிறார்களே, அது இந்த லெட்தான். உங்கள் இந்தியப் பாஸ்போர்ட்டைத் திறந்து, குடியரசுத் தலைவர் பெயரால் அச்சிட்டிருக்கும் வேண்டுகோளைப் படித்துப் பாருங்கள். ‘ஹிண்ட்ரன்ஸ்’ பக்கத்திலேயே அது நிற்கும்.