காற்றில் வந்த முத்தம்

மாத்தூர், மணலி, திருவொற்றியூர் பக்கம் எந்த டீக்கடையில் வேண்டுமானாலும் உட்கார்ந்து பாருங்கள். எதிர்ச் சுவர் சினிமா போஸ்டரைப் பார்த்து யாராவது ஒரு பெரியவர் கட்டாயம் சொல்வார்: ‘அந்தக் காலத்துப் படமெல்லாம் இப்படியா இருந்துச்சு? குடும்பத்தோட போய்ப் பார்ப்போம்!’ மறுத்துப் பேசாதீர்கள். டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய் ‘ஹரிதாஸ்’ போட்டுப் பாருங்கள்.

1944 தீபாவளிக்கு வந்த படம். பாகவதர் ஹீரோ. இதே வட சென்னையில், பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. தாசி ரம்பாவாக வரும் டி.ஆர்.ராஜகுமாரி, பாகவதரைப் பார்த்து ஒரு முத்தத்தைக் காற்றில் பறக்க விடுவார். தொடவே இல்லை சார்! ஆனாலும் ஊர் கிறங்கிப் போனது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். முத்தம் கொடுக்கிற உரிமை தாசிக்கு மட்டும்தான். மனைவியாக வரும் என்.சி.வசந்தகோகிலத்தின் பங்கு, புருஷனைப் பறிகொடுத்த துக்கம். கடைசியில் ஹீரோ காலை இழந்து, திருந்தி, பக்தராகிவிடுகிறார். டிக்கெட் வாங்கியவருக்கு ரம்பாவும் ஆச்சு, புண்ணியமும் ஆச்சு!

திரையில் அடக்கி வாசித்ததை வெளியே அவிழ்த்துவிட ஆள் இருந்தது. லட்சுமிகாந்தனின் ‘சினிமா தூது’, பிறகு ‘இந்து நேசன்’. நடிகர், நடிகைகளின் படுக்கையறையை எட்டிப் பார்ப்பதுதான் அவற்றின் பிழைப்பு. 1944 நவம்பரில் வேப்பேரியில் அவரைக் குத்திவிட்டார்கள், மறுநாள் இறந்துபோனார். பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதாகி, தண்டனை பெற்று, 1947-ல்தான் விடுதலை. பிராட்வேயில் படம் ஓடிக்கொண்டே இருக்கிறது, ஹீரோ ஜெயிலில்! குடும்பத்தோடு படம் பார்த்த அதே ஊர்தான் அந்த மஞ்சள் பத்திரிகையையும் வாங்கியது.

சென்சார் கவலை வேறு மாதிரி. ‘ஏ’ சர்டிபிகேட் வாங்கிய முதல் தமிழ்ப்படம் என்று 1951-ல் வந்த ‘மர்மயோகி’யைச் சொல்வார்கள். எம்.ஜி.ஆர். படம். ஆசையாகத் தேடிப் பார்த்து ஏமாறாதீர்கள். ‘ஏ’ கொடுத்தது பேய்க்கு!

1954-ல் ‘ரத்தக்கண்ணீர்’. பகுத்தறிவு பேசும் படம். எம்.ஆர்.ராதா பேசப் பேச தியேட்டர் அதிர்ந்தது. ஆனால் கதை? தாசி காந்தா (எம்.என்.ராஜம்) வீட்டுக்குப் போன மோகனுக்குத் தொழுநோய். காந்தாவுக்கு விமான விபத்தில் சாவு. பக்திப் படத்தில் சாபம் கொடுத்தார்கள், பகுத்தறிவுப் படத்தில் நோய் கொடுத்தார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். தொழுநோய் ஒரு பாக்டீரியாவால் வருவது. தாசி வீட்டில் வருவதல்ல. படம் வந்தபோதே அதற்கு மருந்தும் வந்துவிட்டது. ராதாவின் நடிப்பு எவ்வளவு பெரிசோ, அந்த நோயாளிகள் மேல் அது ஏற்றிய பழியும் அவ்வளவு பெரிசு.

ஒன்றை மட்டும் பாராட்ட வேண்டும். சாகும் முன் மோகன் தன் மனைவியை நண்பன் பாலுவுக்குக் கட்டிவைக்கிறான். அவளுக்கும் ஒரு வாழ்க்கை வேண்டும் என்று அந்தக் காலத்தில் சொல்லத் துணிச்சல் வேண்டும். ஆனால் அதையும் முடிவு பண்ணுவது புருஷன்தான்!

ஆக, பழைய படங்கள் ‘சுத்தம்’ என்பது பாதி நிஜம். அவை ஆசையை மறைக்கவில்லை. யார் ஆசைப்படலாம், அதற்கு யார் அழணும் என்று தீர்ப்பு எழுதின. படங்கள் பழசாகிவிட்டன. தீர்ப்பு பழசாகிவிட்டதா? இன்று ராத்திரி சாப்பிடும்போது வீட்டில் இருக்கும் பெண்களைக் கேட்டுப் பாருங்கள்.