மறந்த உள்நாட்டுப் போரும் பிரபஞ்சனின் இரு புதினங்களும்

சபைச் சரித்திரம் பயில்வோர் கர்நாடகப் போர்களை ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சியருக்கும் இடையே நிகழ்ந்த பிணக்காகவே அறிந்திருக்கின்றனர். அவை நம் நாட்டார் தமக்குள் பொருத உள்நாட்டுப் போர் என்பதை நமக்கு உணர்த்தியவை பாடநூல்கள் அல்ல. பிரபஞ்சனின் ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ என்னும் புதினங்களே. பின்னது 1995-இல் சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்றது. துய்மா, துய்ப்ளே ஆகியோர் ஆளுநராயிருந்த காலத்துப் புதுவையை, ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைத் துணைக்கொண்டு ஆசிரியர் புனைந்துள்ளார். அரண்மனைச் சாகசங்களில் மயங்கிய நமது சரித்திரக் கதை மரபினின்று விலகி, போரினால் அலைக்கழிந்த எளியோர்பால் அவர் கண் செல்கிறது. உரையாடல்களில் இருபதாம் நூற்றாண்டின் குரல் இடையிடையே ஒலிப்பது குறையே. எனினும் பொறுக்கத்தக்க குறை.

இந்நூல்களின் நடுக்களம் புதுவை. கடலூர், சிதம்பரம் பகுதியில் ஊழியம் செய்வோர் அங்கிருந்து தெற்கே நோக்க வேண்டும். தஞ்சை அரியணைக்குச் சாகுஜியும் பிரதாபசிங்கும் போட்டியிட்டனர். 1738-இல் காரைக்காலைப் பிரெஞ்சியருக்குத் தருவதாகச் சொன்ன சாகுஜி, பதவியிழந்தபின் 1749-இல் ஆங்கிலேயரின் துணையை நாடி, கொள்ளிட முகத்துவாரத்துத் தேவிகோட்டையை விலையாகப் பேசினார். கடலூரிலிருந்து நிலவழியே சென்ற முதற்படை ஏப்ரல் புயலில் அல்லலுற்றது. சாகுஜிக்கு ஆதரவாக எவரும் எழாமையால் வெறுங்கையோடு திரும்பியது. லாரன்ஸ் தலைமையில் கடல்வழி சென்ற இரண்டாம் படை கோட்டையைப் பிடித்தது. பிடித்தவுடன் பிரதாபசிங்கோடு உடன்படிக்கை. சாகுஜிக்கு உபகாரச் சம்பளம். இளவரசரின் நியாயத்துக்காகப் புறப்பட்ட சேனையாம் இது! இப்போர்களின் தொடர்ச்சியில் சிதம்பரம் கோயிலும் அரணாயிற்று. 1781-இல் ஐதர் அலியின் காவற்படை அங்கிருந்து ஆங்கிலத் தளபதி கூட்டின் தாக்குதலை முறியடித்தது.

புதினத்தை மூடியபின் நம்மை உறுத்துவது வேறொன்று. அதே 1749-இல், பிரெஞ்சியருக்கு உளவு சொன்னதாகக் கடலூர்க் கத்தோலிக்கக் குருமார் குற்றஞ்சாட்டப்பட்டு வெளியேற்றப்பட்டனர். அவர்களது ஆலயம் நம் மிஷனெரி கிர்நாண்டருக்கு அளிக்கப்பட்டது. நமது சரித்திர நூல்கள் இதனை ஊழியத்தின் வளர்ச்சியாக எழுதுகின்றன. ஓராண்டுக்கு முன், 1748-இல், புதுவை வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதைப் பிள்ளை வேதனையோடு எழுதியிருக்கிறார். அப்பக்கங்களைப் படித்தவர், நாபோத்தின் திராட்சத்தோட்டத்தை நினையாமல் கடலூர் ஆலயக் கொடையைப் படிக்க இயலுமா? 1758-இல் பிரெஞ்சியர் கடலூரைக் கைப்பற்றியபோது கிர்நாண்டரும் புறப்பட நேர்ந்தது; அவர் கல்கத்தா சென்றார்.

அவர் விட்டுச்சென்ற கடலூர்ச் சபையார் என்ன பட்டனர் என்பதைப் புதினத்தில் தேடிப் பயனில்லை. பிள்ளை புதுவை வணிகர். அவர் காணாததை நாவலாசிரியர் எவ்வாறு காண்பார்? மிஷனெரிகள் ஜெர்மனியின் ஹாலே நகருக்கு எழுதிய மடல்கள் எஞ்சியுள்ளன. ஜெர்மன் மொழி கற்கும் மாணவர் எவரேனும் அவற்றை எடுத்து, 1749-ஆம் ஆண்டுக்குரியவற்றை முதலில் தமிழில் தரலாம்.