வெயில் சாயும்போது மலரும் கல்

தாஜ்மகாலைச் சிவப்புக் கல்லில் பார்க்க வேண்டுமா? ஆக்ராவில் பகவான் டாக்கீஸ் நாற்சந்தியை ஒட்டிய பழைய ரோமன் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். வாசலைத் தாண்டியதும் சாலையின் ஹாரன் சத்தம் பாதியாகக் குறைகிறது. புல் முழங்கால் வரை வளர்ந்திருக்கிறது. அதன் நடுவே, ஆளுயரத்தை மிஞ்சிய மேடைமேல், குவிமாடத்தோடு நிற்கிறது ஜான் வில்லியம் ஹெஸ்ஸிங்கின் கல்லறை. அதைப் பலரும் ‘சிவப்புத் தாஜ்’ என்கிறார்கள்.

அந்தப் பெயராலேயே இதை நகல் என்று ஒதுக்கிவிடுவது அநியாயம். தாஜின் சுவர்ப் பூக்கள் வெள்ளைப் பளிங்கில் பள்ளம் தோண்டி வண்ணக் கற்களைப் பதித்தவை. உச்சி வெயிலிலும் அவற்றின் நிறம் தெரியும். இங்கே வண்ணக் கல் இல்லை. சிற்றுளி ஒன்றுதான். கல்லின் சிவப்பிலேயே கோடு, சிவப்பிலேயே வளைவு. அதனால் நண்பகலில் பார்த்தால் சுவர் வெறிச்சென்று இருக்கும். மாலை நாலு மணிக்கு மேல், வெயில் சாய்ந்ததும், ஒவ்வொரு விளிம்புக்கும் கீழே மெல்லிய கருங்கோடு ஒன்று ஓடத் தொடங்கும். வளைவுக்குள் வளைவாக மாடங்கள் உள்வாங்கும். கொத்தன் நிழலையே மையாக வைத்து எழுதியிருக்கிறான் என்பது அப்போதுதான் புரிகிறது.

கிட்டே போய்க் கல்லைப் பாருங்கள். உடைத்த வெல்லக் கட்டியின் முகம்போல நெருக்கமான பொடிமணல். ஆங்காங்கே தேமல் விழுந்தாற்போல் வெளிர்மஞ்சள் புள்ளிகள். பளிங்கு தன்மேல் யாரையும் நிறுத்தி வைக்காது, பார்வை வழுக்கிக்கொண்டு போகும். இந்த மணற்கல்லோ பார்வையைப் பிடித்து வைக்கிறது. அண்ணாந்தால் குவிமாடத்தின் தலையில் கவிழ்த்து வைத்த தாமரை, அதன்மேல் கலசம். ஐரோப்பியக் கிறிஸ்தவர் ஒருவரின் கல்லறைக்குத் தாமரையும் கலசமும் வேண்டுமா என்று அந்தக் கொத்தனுக்கு யோசனையே வந்திருக்காது. கும்பிடத் தகுந்த ஒன்றைக் கட்டினால் இப்படித்தான் முடிக்க வேண்டும் என்று அவன் கை பழகியிருந்தது.

ஹெஸ்ஸிங் நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகரத்துக்காரர். மராட்டியத் தளபதி மகாத்ஜி சிந்தியாவின் படையில் சேர்ந்து, கடைசியில் ஆக்ரா கோட்டைக்கே அதிகாரியானார். 1803 ஜூலை 21 அன்று 63 வயதில் இறந்தார். மூன்றே மாதத்தில் கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. மனைவி ஆனும் பிள்ளைகளும் எழுப்பிய நினைவிடம் இது. ஷாஜகான் மனைவிக்குக் கட்டினான். அதே ஊரில், அதே சாயலில், ஒரு மனைவி கணவனுக்குக் கட்டியிருக்கிறாள். இதைப் பற்றி ஏன் யாரும் பாட்டு எழுதவில்லை என்று எனக்கு ஆதங்கம்.

சின்னக் கற்களிடம் வேறொரு அழகு. 1614-இல் அஜ்மீரில் இறந்து இங்கே புதைக்கப்பட்ட ஜான் மில்டன்ஹால் இங்கிலாந்து வணிகர். அக்பரின் அரசவை வரை வந்தவர். அவர் கல்லில் இருப்பது ஆங்கிலமல்ல, போர்த்துகீசியம். மில்டன்ஹால் ‘மென்தெனால்’ ஆகிவிட்டார். புதைத்த பாதிரியார்கள் தங்கள் நாவுக்கு வந்தபடி பெயரைத் திருத்தி, கூடவே ‘ஆங்கிலேயர்’ என்று ஒரு சொல்லையும் போட்டிருக்கிறார்கள். பெயர் கரைந்தாலும் ஊர் தொலையக் கூடாது என்ற அந்தக் கரிசனம் என்னை நெகிழ வைத்தது.

இன்னொரு கல் வெனிஸ் பொற்கொல்லர் ஜெரோனிமோ வெரோனியோவுடையது. 1640-இல் லாகூரில் இறந்தவரை ஆக்ராவரை கொண்டுவந்திருக்கிறார்கள். தாஜ்மகாலை வரைந்தவரே இவர்தான் என்று மன்ரிக் பாதிரியார் எழுதிவைத்தார். வரலாற்றாசிரியர்கள் அதை ஏற்பதில்லை, நானும்தான். ஆனாலும் உலகின் பேரழகான கல்லறைக்குச் சொந்தம் கொண்டாடப்பட்ட மனிதருக்கு, ஊர், நாள், பெயர் தவிர அலங்காரம் எதுவும் இல்லாத ஒரு கல். அந்த எளிமைக்கு முன் சற்று நேரம் நின்றேன்.

பாட்னாவில் 1763-இல் ஆங்கிலக் கைதிகளைக் கொன்ற வால்டர் ரைன்ஹார்ட்டுக்கும் இங்கே எண்கோண மண்டபம் உண்டு. சர்தானாவை ஆண்ட பேகம் சம்ருவின் கணவர் அவர். மண்டபம் அழகு. மனிதரைப் பற்றி அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

ஆர்மீனியர் எழுப்பிய சிறு கூடம் ஒன்றில் இயேசு சபைக் குருக்கள் பலர் உறங்குகிறார்கள். இந்துஸ்தானத்தின் புவியியலை எழுதிய டீஃபென்தாலர் 1785-இல் லக்னோவில் இறந்து, இந்தத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார். நம் வீரமாமுனிவரின் சபைதான் அவருடையதும். வடக்கே இருந்தவர் ஆற்றையும் ஊரையும் அளந்தார். தெற்கே இருந்தவர் சொல்லுக்கு அகராதி செய்தார்.

பெரிய கல்லறைகளைத் தொல்லியல் துறை காக்கிறது. சுண்ணாம்புப் பூச்சால் ஆன சின்னக் கல்லறைகள்தான் பாவம். பூச்சு பெயர்ந்தால் பெயரும் அதோடு போய்விடுகிறது. செங்கல் மட்டும் மிஞ்சிய மேடுகளுக்குள் யார் என்று கேட்க ஆளில்லை. நவம்பர் 2, கல்லறைத் திருநாளில், நம் ஊரில் புல் செதுக்கி, சுண்ணாம்படித்து, மெழுகுவர்த்தி ஏற்றுவோமே, அந்த ஒரு நாள் வேலை போதும், இவற்றில் பாதி பிழைத்துவிடும்.

ஆக்ரா போகிறவர்கள் தாஜைப் பார்த்த பிறகு மாலையில் ஒரு மணி நேரம் இங்கே ஒதுக்குங்கள். ஹெஸ்ஸிங்கின் ஆங்கிலக் கல்வெட்டை வரிவரியாகப் படியுங்கள். டச்சுக் கம்பெனிப் படைவீரனாக 1752-இல் அவர் முதன்முதலாக வந்திறங்கிய நாடு எது என்று அதில் இருக்கிறது: சிலோன்.