பாலத்தின் கைப்பிடிச்சுவர்: பொதுவெளியிற் சிற்பியின் இடம்

கட்டடக்கலைஞரும் பொறியியலாளரும் சிற்பியும் ஒன்றிணைந்து பொதுவெளியொன்றை உருவாக்குதல் பற்றிப் பேசுவோர், அதனைப் பெரும்பாலும் இணக்கத்தின் வெற்றியாகவே வருணிப்பர். ஆயின் அத்தகைய கூட்டுமுயற்சியை மதிப்பிடுவதற்குரிய அளவுகோல் இணக்கம் அன்று. முடிவெடுக்கும் உரிமை யாரிடம், எதுவரை இருந்தது என்பதே முதன்மையான வினாவாகும். இதனை ஆராய்வதற்கு ஹிரோசிமாவின் சமாதானப் பூங்கா மிகப் பொருத்தமானது.

1945 ஆகஸ்ட் 6ஆம் நாள் அணுகுண்டினால் அழிந்த அந்நகரில் நினைவுப் பூங்காவை அமைப்பதற்கான போட்டியில் 1949இல் வெற்றிபெற்றவர் கட்டடக்கலைஞர் கென்சோ தாங்கே. நூதனசாலை, நினைவுச் சின்னம், சிதைந்து நின்ற குவிமாடக் கட்டடம் ஆகிய மூன்றையும் ஒரே நேர்கோட்டில் அமைத்தமையே அவரது திட்டத்தின் உயிர்நாடி. பூங்காவின் தென்புறத்தே செல்லும் நூறு மீற்றர் அகலப் பெருவீதி இரு ஆறுகளைக் கடக்கும் இடங்களிற் பாலங்கள் எழுந்தன. அவற்றின் கைப்பிடிச்சுவர்களை வடிவமைக்கும் பணியை 1951இல் அவர் சிற்பி இசாமு நொகுச்சியிடம் ஒப்படைத்தார்.

நொகுச்சி 1904இல் அமெரிக்காவிற் பிறந்தவர். தந்தை யப்பானியக் கவிஞர். தாய் அமெரிக்கப் பெண்மணி. யப்பானிய வம்சாவளியினர் தடுத்துவைக்கப்பட்ட அரிசோனா முகாமொன்றுக்கு 1942இல் தாமாகவே சென்று வாழ்ந்தவர் அவர். குண்டு வீசிய நாட்டின் பிரசையாகவும் குண்டு வீழ்ந்த நாட்டின் மகனாகவும் அவர் ஹிரோசிமாவுக்கு வந்தார்.

கிழக்குப் பாலத்தின் கொங்கிரீற்றுச் சுவர் முனையில் மேலெழுந்து, வெட்டுண்ட கோளமாக, உதயசூரியனை நினைவூட்டுகிறது. மேற்குப் பாலத்தினதோ, இறந்தோரை ஏற்றிச் செல்லும் ஓடமொன்றின் எலும்புச் சட்டகம் போன்றது. ‘வாழ்தல்’, ‘இறத்தல்’ என முதலில் எண்ணப்பட்ட பெயர்கள் பின்னர் ‘ஆக்கல்’, ‘ஏகல்’ எனப் பொருள்படும் பெயர்களாயின. பாலத்துக்குக் கைப்பிடிச்சுவர் எவ்வாறாயினும் தேவை. நடப்போரை ஆற்றில் வீழாது காப்பது அது. அத்தேவையையே சிற்பமாக்கியதால், இங்கு கலை மேற்பூச்சாக ஒட்டவைக்கப்படவில்லை. சிற்பத்தை அகற்றின் பாலமே குறையுறும். நாள்தோறும் வேலைக்குச் செல்பவனின் கை அதனைத் தொட்டுச் செல்கிறது. கண்காட்சிக் கூடத்துச் சிற்பத்துக்கு வாய்க்காத உறவு இது.

எனினும் இவ்வெற்றியின் எல்லையையும் நாம் நோக்குதல் வேண்டும். பாலம் அமையும் இடமும் வீதியின் போக்கும் சிற்பியின் முடிவுகளல்ல; அவருக்குக் கிடைத்தது விளிம்பு மட்டுமே. பூங்காவின் மையத்தில் அமையவிருந்த நினைவுச் சின்னத்தை வடிவமைக்குமாறும் தாங்கே அவரை வேண்டினார். நிலத்தின்மேற் பாரிய கருங்கல் வளைவு; அதன் கால்கள் நிலத்தினுள் இறங்கும்; அங்கு இறந்தோரின் பெயர்களைத் தாங்கிய நிலவறை; துயருற்றோர் ஆறுதல் தேடும் குகை. இதுவே நொகுச்சி வகுத்த வடிவம். 1952இல் அதற்குப் பொறுப்பான குழு அதனை நிராகரித்தது. அவர் அமெரிக்கர் என்பதே காரணமெனப் பரவலாகக் கூறப்படுகிறது. நொகுச்சியும் அவ்வாறே கருதினார். குறுகிய காலத்துள் தாங்கேயே வேறொரு சின்னத்தை வடிவமைக்க, அது அவ்வாண்டு ஆகஸ்ட் 6இல் திறந்துவைக்கப்பட்டது.

தாங்கேயின் சின்னம் தரங்குறைந்ததன்று. சேணம் போல் வளைந்த அக்கூரையினூடே, பெயரேட்டுப் பேழைக்கு அப்பால், சிதைந்த குவிமாடம் தெரிவது ஆழ்ந்த கட்டடக்கலைச் சிந்தனையின் விளைவே. ஆயினும் அங்கு மனிதன் முன்னின்று பார்க்கிறான். நொகுச்சியின் வடிவமோ அவனை மண்ணுக்கடியில் இறந்தோரிடம் அழைத்திருக்கும். பார்வை எஞ்சியது, இறங்குதல் இழக்கப்பட்டது.

கட்டடக்கலைஞரும் சிற்பியும் ஒருமனப்பட்டிருந்தபோதும் இவ்விழப்பு நேர்ந்தது என்பதை நாம் மறத்தலாகாது. துக்கம் யாருடையது, அதற்கு உருக்கொடுக்க உரிமையுடையவர் யார் என்பதை வரைபடமேசைக்கு அப்பாலிருந்த அதிகாரமே தீர்மானித்தது. விளிம்பில் அனுமதிக்கப்பட்ட கைகள் மையத்தில் மறுக்கப்பட்டன. ஆகவே பொதுவெளியொன்றிற் கலையைக் காணும்போது அதன் அழகை மட்டும் வினவுதல் போதாது. கலைஞன் எக்கட்டத்தில் அழைக்கப்பட்டான், எவ்விடத்தில் நிறுத்தப்பட்டான் என்பவற்றையும் வினவும் திறனாய்வே அவ்வெளியின் மக்களுக்கு நேர்மையானதாகும்.